கழற்றினாலும் காயலான் கடைக்கு வேண்டாம்

ஆசிரியருக்கு,

இங்கிலாந்தில் விக்டோரியா காலத்து ரயில் நடைமேம்பாலங்கள் அகற்றப்படுவது பற்றிய தங்கள் கட்டுரையைப் படித்தேன். அவற்றின் பக்கவாட்டு இரும்புப் பின்னலை வெறும் அலங்காரம் என்று அதில் குறிப்பிட்டிருப்பது சரியல்ல. குறைந்த இரும்பைக் கொண்டு பாரத்தைத் தாங்குவதே அந்தக் குறுக்குப் பட்டைகள்தாம். அழகு அதில் கிடைத்த கொசுறு. லண்டன் கிங்ஸ் கிராஸ் நிலையத்துக்காக 1890-களில் டெர்பி நகர ஹேண்டிசைட் நிறுவனம் செய்த பாலம், இன்று ஹாம்ப்ஷயரில், பழைய நீராவி ரயில்கள் ஓடும் பாரம்பரியப் பாதையின் ரோப்லி நிலையத்தில் நிற்கிறது. அதில் ஏறி நின்றிருக்கிறேன். கீழே நீராவி எஞ்சின் புறப்பட்டதும் பின்னலின் கட்டங்கள் வழியே புகை புகுந்து, சட்டையில் கரித்தூள் ஒட்டியது.

அகற்றியே தீர வேண்டிய பாலங்களையாவது துண்டுக்குத் துண்டு எண்ணிட்டுக் கழற்றி, இதுபோன்ற பாரம்பரிய ரயில் பாதைகளுக்கு வழங்கலாம்.