மைனிங் பூலில் தேங்கும் பணம்

ஆசிரியருக்கு வணக்கம். பிட்காயின் விலை ஏறியது, இறங்கியது என்று தினமும் போடுகிறீர்கள், சரி. பலர் தங்கள் மெஷின்களைச் சேர்த்து ஒன்றாகப் பிட்காயின் எடுக்கும் மைனிங் பூல்கள் பணத்தை எப்படிப் பங்கு பிரிக்கின்றன என்பதையும் எழுதுங்கள். 2024 ஏப்ரலுக்குப் பின் ஒரு பிளாக்குக்கு, அதாவது பரிவர்த்தனைகளின் ஒரு தொகுப்பைப் பதிவேட்டில் சேர்ப்பதற்கு, 3.125 பிட்காயினும் பரிவர்த்தனைக் கட்டணமும்தான் வருமானம். பிபிஎஸ் (Pay Per Share) முறையில் பூலுக்குப் பிளாக் கிடைக்காவிட்டாலும், நம் மெஷின் வேலை செய்ததற்குச் சான்றாக அனுப்பிய ஒவ்வொரு ஷேருக்கும் காசு உண்டு, நஷ்டம் பூலின் தலையில், அதனால் கமிஷன் கூடுதல். பிபிஎல்என்எஸ் (Pay Per Last N Shares) என்றால் பிளாக் கிடைத்தால்தான் பணம், அதுவும் கடைசியாக வந்த ஷேர்களுக்கு மட்டும், முன்னாலேயே மெஷினை நிறுத்தியவருக்கு ஒன்றும் வராமலே போகலாம். இதையாவது சேரும்முன் படித்துத் தெரிந்துகொள்ளலாம். ஆனால் குறைந்தபட்சத் தொகை சேரும்வரை நம் பணத்தைப் பூலே வைத்துக்கொள்வதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஒற்றைப் பழைய மெஷின் ஓட்டுபவர் அந்த வரம்பைத் தொட மாதக்கணக்காகலாம், அதற்குள் பூலை மூடிவிட்டால் யாரிடம் போய்க் கேட்பது? வரம்பையும் கமிஷனையும் முதல் பக்கத்திலேயே போட வேண்டும், விலகுபவருக்கு மிச்சத்தைக் கொடுத்துவிட வேண்டும்.

— ஒரு வாசகர்