தட்டையான பாதைகளையும் கணக்கில் எடுங்கள்: பனிச்சறுக்கு மலை நிர்வாகிகளுக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகிகளுக்கு,

இரு கால்களையும் ஒரே பலகையில் பூட்டி, பக்கவாட்டில் நின்று பனியில் சறுக்கும் ஸ்னோபோர்டைக் கற்றுத்தரும் நாங்கள் சேர்ந்து எழுதுவது. எந்த நிலையில் இருப்பவரும் வரலாம் என்று அழைக்கிறீர்கள். ஆனால் பல மலைகளின் பாதைகள் காலுக்கொரு பலகை கட்டி, இரு கையிலும் கோல் பிடித்த ஸ்கீக்காரரை மனத்தில் வைத்துப் போடப்பட்டவை. ஸ்னோபோர்டு ஒலிம்பிக்கில் நுழைந்ததே 1998இல், நாகானோவில். அந்தப் பழைய அமைப்பின் சுமை இன்றும் புதியவர் மேல்தான் விழுகிறது.

ஆளை மலைமேல் ஏற்றிச் செல்லும் லிஃப்டிலிருந்து இறங்கும் மேடையைப் பாருங்கள். ஸ்னோபோர்டுக்காரருக்கு அங்கே முன்கால் மட்டும்தான் பைண்டிங்கில் (பூட்ஸைப் பலகையோடு பிணைக்கும் பூட்டில்) இருக்கும். பின்காலைப் பின் பைண்டிங்கை ஒட்டிப் பலகைமேல் வைத்து, நேராகச் சறுக்கி வெளியேற வேண்டும். இறங்கியதுமே வளைவு வந்தால் அவரால் திருப்ப முடியாது; விழுவார், பின்னால் வருபவர் அவர்மேல் மோதுவார். நேராக ஓடி நிற்கும் அளவுக்குத் திறந்த இடம் விடுங்கள், மேடை பனிக்கட்டியாக இறுகினால் சுரண்டிவிடுங்கள், கேட்டால் லிஃப்டின் வேகத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். முதல் நாளுக்கு டி-பார் (ஆளைப் பனிமேலேயே மேலே இழுத்துச் செல்லும் T வடிவக் கம்பி) வேண்டவே வேண்டாம். பக்கவாட்டில் நிற்பவரை அது முன்னே இழுக்கும்போது, தடம் கொஞ்சம் சாய்ந்திருந்தாலே பலகை கீழ்ப்பக்கம் வழுகிவிடும். நின்றபடியே மேலே ஏற்றிச் செல்லும் நகரும் பட்டைதான் சரி.

அடுத்தது தட்டையான இணைப்புப் பாதைகள். வேகம் செத்துவிட்டால் ஸ்கீக்காரர் கோலை ஊன்றித் தள்ளிப் போய்விடுவார். ஸ்னோபோர்டுக்காரரோ பின்கால் பைண்டிங்கைக் கழற்றி ஒற்றைக் காலால் உந்த வேண்டும். மிக எளிதான சரிவுக்குப் போகும் வழியே இப்படி இருந்தால், சரிவைத் தொடுமுன் ஆள் களைத்துவிடுவார். பாதைக்கு ஒரே சீரான இறக்கம் கொடுங்கள். முடியாத இடத்தில், 'இங்கே வேகத்தை விடாதீர்கள்' என்ற அறிவிப்பைத் தட்டை தொடங்கும் முன்பே வையுங்கள். தட்டையின் நடுவில் வைத்துப் பயனில்லை.

வாடகைக் கவுண்டரில் நாங்கள் அதிகம் வருந்துவது பூட்ஸுக்காக. வசதியாக இருக்கட்டும் என்று ஓர் அளவு பெரிதாகக் கொடுக்கிறார்கள். முழங்காலை மடக்கும்போது குதிகால் மேலெழுந்தால், பலகையின் விரல் பக்க எட்ஜுக்கு (பனியைப் பற்றும் விளிம்புக்கு) அழுத்தம் போய்ச் சேராது. விரல் நுனி உள்ளே லேசாகத் தொட வேண்டும், குதிகால் அசையக் கூடாது. பலகையின் குறுக்குவாட்டிலிருந்து பைண்டிங் கோணம் முன்காலுக்கு முன்முனைப் பக்கமாக 15 டிகிரி, பின்காலுக்கு 0 முதல் எதிர்ப்புறமாக 9 டிகிரி வரை என்று தொடங்கலாம். பலகையின் இரு முனையருகிலும் எட்ஜை லேசாக மழுக்கிக் கொடுங்கள். சரிவின் கீழ்ப்பக்க எட்ஜ் பனியில் குத்தினால் ஆள் தூக்கியெறியப்படுவார். நீட்டிய கையில் விழுந்து மணிக்கட்டு முறியும். ஹெல்மெட் இருக்கும் மேசையிலேயே மணிக்கட்டுக் காப்பும் இருக்கட்டும்.

பாதைகள் சேரும் இடங்களில் இன்னொன்று: இடதுகால் முன்வைத்தவருக்கு முதுகுப்பக்கமான இடப்புறம் தெரியாது. அவர் குதிகால் பக்கமாகத் திரும்புவதும் அதே இடப்புறம்தான். சந்திப்பை அகலமாக்குங்கள், பிறரின் வேகத்தைச் சந்திப்புக்கு மேலேயே வலை கட்டிக் குறையுங்கள்.

செயற்கைக் காலோடு வருவோரையும் எதிர்பாருங்கள். 2014 சோச்சி பாராலிம்பிக்கிலேயே அவர்கள் ஸ்னோபோர்டில் போட்டியிட்டார்கள். எந்தப் பக்கம் உதவி வேண்டும் என்று லிஃப்ட் ஊழியர் முதலில் அவரிடமே கேட்கட்டும்.

பருவம் திறக்குமுன் உங்கள் பாதை அமைப்பாளர் ஒருவரை ஸ்னோபோர்டில் அனுப்புங்கள். வாடகைக் கவுண்டரிலிருந்து மிக எளிதான சரிவுக்குப் போய்த் திரும்பட்டும். பின்காலைக் கழற்ற வேண்டி வந்த ஒவ்வோர் இடத்திலும் ஒரு கொடி நடட்டும். பனியைச் சமன்செய்யும் வண்டி முதலில் அந்தக் கொடிகளுக்குப் போகட்டும்.

இப்படிக்கு,
ஸ்னோபோர்டு பயிற்றுநர்கள்