நாடாவைக் கழுவித் தந்த பெரியவருக்கு

அன்புடைய ஊர்ப் பெரியோர்க்கும் தம்பி தங்கையர்க்கும்,

நம் மொரீஷியஸ் ஊருக்குள் வெள்ளம் புகுந்த அந்த வாரத்தில் நடந்தவற்றை இங்கே நான் எழுதப்போவதில்லை. இதைப் படிப்பவர்களில் பெரும்பாலோர் என்னைப் போலவே முழங்கால் அளவு சேற்றில் நின்றவர்கள்தாம். நீர் நின்ற கோடு முன்னறைச் சுவரில் இன்னும் அழியவில்லை. அது அழிவதற்குள் நன்றியைச் சொல்லிவிட வேண்டும் என்றே இம்மடலை எழுதுகிறேன்.

தைப்பூசக் காவடிக்கு விரதமிருந்த இளைஞர்கள் வெறுங்காலோடு வந்து என் வீட்டுச் சேற்றை வாளி வாளியாக அள்ளிக் கொட்டினார்கள். மூன்று நாளும் வாழையிலையில் சோறும் கறியும் கட்டி அனுப்பிய எதிர்வீட்டார், மெத்தை கொடுத்தவர்கள், இழப்பீட்டுப் படிவங்களைப் பிரெஞ்சு மொழியில் நிரப்பித் தந்த முன்னாள் மாணவி, என்னைக் கேளாமலேயே என் மருந்துகளை வாங்கி வைத்துவிட்டுப் போன பேருந்து நடத்துனர் என்று எல்லார்க்கும் என் கைகூப்பு. பெயர் சொல்லத் தொடங்கினால் ஒருவரையாவது விட்டுவிடுவேன், வயது அப்படி.

எனினும் இம்மடலின் பெரும்பகுதி, நம் ஊரைச் சேராத ஒருவருக்கு உரியது. ரோஸ் ஹில்லில் தொலைக்காட்சிப் பெட்டிகளைப் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கும் அந்தப் பெரியவரைப் பிள்ளைகள் இப்போது ‘தோந்தோன்’ என்று அழைக்கிறார்கள். மாமா என்பதைத்தான் நம் தீவின் பேச்சுமொழியான கிரியோலில் அப்படிச் சொல்கிறோம்.

கோயிலின் பின்மண்டபத்தில் சனிக்கிழமை மாலைதோறும் அறிவியல் தொடர்களைப் போட்டுக் காட்டி, இடையிடையே நிறுத்தித் தமிழிலும் கிரியோலிலும் நான் விளக்கிவந்ததை அறிவீர்கள். அதற்கென்று சேர்த்திருந்த 62 வீடியோ கேசட்டுகள் அலமாரியின் அடித்தட்டில் இருந்தன. கனமானவற்றைக் கீழே வைக்க வேண்டும் என்று அறிவியல் ஆசிரியனுக்கே உரிய புத்தியோடு அங்கே வைத்திருந்தேன். இலண்டனில் செவிலியராக இருந்த என் அக்கா அனுப்பிய, அமெரிக்க வானியலாளர் கார்ல் சேகன் 1980இல் வழங்கிய, அண்டத்தைப் பற்றிய 13 பகுதித் தொடரான ‘காஸ்மோஸ்’ அவற்றுள் இருந்தது. அண்டையில் உள்ள ரேயூனியன் தீவின் ஒளிபரப்பு நம் மேற்குக் கரைக் கூரை ஆண்டெனாக்களுக்கு எட்டிய நாள்களில் நானே பதிவு செய்த ‘ஸே பா ஸோர்சியே’ என்னும் பிரெஞ்சுத் தொடரும் இருந்தது. அதில் பிரெட் என்பவர் எரிமலைக்கும் துறைமுகத்துக்கும் போய் நின்று கேள்வி கேட்பார். ஜாமி என்பவர் ஒரு பெரிய லாரிக்குள் இருந்துகொண்டு, அட்டையிலும் பஞ்சிலும் செய்த மாதிரிகளைத் திருப்பித் திருப்பிக் காட்டி விடை சொல்வார். அந்த மாதிரிகளைப் பார்த்துத்தான் நம் பிள்ளைகள் சலவைத்தூள் பெட்டியை வெட்டி, கடலுக்கு அப்பால் இருக்கும் பித்தோன் த லா பூர்னேஸ் எரிமலையைச் செய்தார்கள்.

இந்தத் தொகுப்பாளர்களிடம் அப்படி என்ன இருக்கிறது என்று என் மனைவி உயிரோடு இருந்தபோது அடிக்கடி கேட்பார். அவர்கள் சொல்லும் செய்தி நூலகத்தில் கிடைக்கிறது. ஆனால் ஒருவருக்கு ஒன்று புரிகிற அந்த நொடியில் அவர் முகம் என்ன ஆகிறது என்பதை நூலகத்தில் பார்க்க முடியாது. 1979இல் வெளிவந்த தம் தொடருக்காக ஆங்கிலேய இயற்கையியலாளர் டேவிட் அட்டன்பரோ ருவாண்டாக் காட்டில் கொரில்லாக்களுக்கு நடுவே உட்கார்ந்தபோது, கட்டைவிரல் மற்ற விரல்களை எதிர்த்து மடங்குவதன் சிறப்பைப் பேசவே அங்கே போயிருந்தார். குட்டிகள் வந்து அவருடைய காலணியை இழுத்து விளையாடத் தொடங்கியதும் கட்டைவிரலை மறந்துவிட்டார். பாடம் நின்றுபோன அந்த இடத்தில்தான் நம் பிள்ளைகள் ஒவ்வொரு முறையும் மூச்சை அடக்கிக்கொண்டு பார்ப்பார்கள். இப்போது வரும் சில நிகழ்ச்சிகளில் முரசொலி ஓயாமல் முழங்க, தொகுப்பாளர் எதையோ துரத்துவதுபோல் ஓடிக்கொண்டே இருக்கிறார். அவருக்கு வியப்படைய நேரமே கிடைப்பதில்லை என்று எனக்குத் தோன்றும்.

நனைந்த கேசட்டுகளை ஒரு சாக்கில் கட்டி, போகும் வழியில் எங்காவது குப்பையில் போட்டுவிட எண்ணி, பழைய பிளேயரை மட்டும் சரிசெய்ய முடியுமா என்று கேட்கத்தான் அவர் கடைக்குப் போனேன். அவர் பிளேயரைத் தொடவில்லை. சாக்கைப் பிரித்து ஒன்றை எடுத்து, “ஓட்டிப் பார்த்தீர்களா, மிஸ்யே?” என்று கேட்டார். இல்லை என்றேன். “வெயிலில் காயவைத்தீர்களா?” அதுவும் இல்லை என்றேன். சோம்பலால் நான் செய்யாமல் விட்ட இரண்டுமே சரியாகிப் போயிருந்தன.

ஒரு முக்காலியை எனக்காக இழுத்துப் போட்டுவிட்டு, கேசட்டின் ஐந்து திருகாணிகளையும் கழற்றியபடியே அவர் விளக்கத் தொடங்கினார். நாடா என்பது பாலியெஸ்டர் படலம், அகலம் 12.7 மில்லிமீட்டர்; மூன்று மணி நேரக் கேசட்டில் 250 மீட்டருக்கு மேல் அது சுற்றியிருக்கும். படம் இருப்பது அதன்மேல் பூசிய இரும்பு ஆக்சைடுத் துகள்களின் காந்தத்தில். தண்ணீர் காந்தத்தை அழிப்பதில்லை. ஆனால் சேற்று மணலோடு அதை ஓட்டினால், பிளேயருக்குள் சுழன்று நாடாவைப் படிக்கும் தலையும் கெடும், நாடாவும் கீறிப்போகும். சேற்றோடு காயவிட்டால் ஒரு சுற்று மறுசுற்றோடு ஒட்டிக்கொள்ளும். ஆகவே, கார் பேட்டரிக்கு ஊற்றும் வடிநீரில் அலசி, நிழலில் உலர்த்தி, வேறொரு கூட்டுக்குள் கையாலேயே சுற்ற வேண்டும். இவ்வளவையும் என் முகத்தைப் பார்த்து, எனக்கு எட்டியதா என்று ஒவ்வோர் இடத்திலும் நின்று பார்த்துச் சொன்னார். முப்பத்தோர் ஆண்டுகள் வகுப்பில் நின்ற எனக்கு அந்த நிறுத்தம் என்னவென்று தெரியும்.

மூன்று வாரம் அலசினார். பதினொன்று பிழைத்தன. அவற்றைக் கொண்டுபோக வந்த நாளில், மடகாஸ்கர் கதை ஒன்றை அவரிடம் சொன்னேன். இளவயதில் அட்டன்பரோ அங்கே போயிருந்தபோது, அழிந்துபோன யானைப் பறவையின் முட்டையோட்டுச் சில்லுகளை ஊரார் கொண்டுவந்து கொடுக்க, அவர் அவற்றைப் பொறுக்கி ஒட்டி ஒரு முழு முட்டையை ஆக்கினார். அரை நூற்றாண்டுக்குப் பிறகு அதை ஆய்ந்து பார்த்தபோது அதன் வயது ஏறத்தாழ 1,300 ஆண்டு என்று தெரியவந்தது. பெரியவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “எந்தப் பசையால் ஒட்டினார்?” என்றார். ஒட்டுநாடாவால் என்றேன். உதட்டைப் பிதுக்கினார்.

பணம் எடுத்தேன், வாங்கவில்லை. நாற்பது ஆண்டுகளாகத் தொலைக்காட்சிப் பெட்டியின் பின்பக்கத்தையே பார்த்துவிட்டேன், ஒரு நாள் முன்பக்கம் உட்கார்ந்து பார்க்க வேண்டும், அதுதான் கூலி என்றார்.

சென்ற சனிக்கிழமை முதல் வரிசைப் பலகையில் அவரை உட்கார வைத்துக் ‘காஸ்மோஸ்’ முதல் பகுதியைப் போட்டேன். சேகன் பேசிக்கொண்டிருக்கையில் படம் எட்டு நொடி வெண்புள்ளிகளாய்ச் சிதறி மீண்டது. உடனே ஒரு சிறுமி எழுந்து, “ஐயா, அன்றைக்கு நீங்கள் சொன்னது இதுதானே?” என்று கேட்டாள். நிலையம் எதுவும் கிடைக்காத பழைய ஆண்டெனாப் பெட்டியில் தெரியும் புள்ளிகளில் நூற்றில் ஏறக்குறைய ஒரு பங்கு, அண்டம் பிறந்த வெப்பத்தின் மிச்சம் என்று முன்பு நான் சொல்லியிருந்தேன். அந்த மிச்சத்தின் இரைச்சலை ஆண்டெனாவில் கேட்ட அறிவியலாளர்களான பென்சியாசும் வில்சனும் முதலில் புறா எச்சத்தைச் சந்தேகித்துத் துடைத்ததையும், 1965இல்தான் அது இன்னதென்று வெளியானதையும் சேர்த்துச் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் தோந்தோன் எழுந்துவிட்டார்.

“இல்லை பிள்ளை, இது உங்கள் ஊர்ச் சேறு” என்றார். சட்டைப் பையிலிருந்து, தேறாமல் போன நாடா ஒன்றின் துண்டை எடுத்து விளக்குக்கு நேரே பிடித்து, நீளவாக்கில் ஓடிய கீறலைக் காட்டினார். எல்லாப் பிள்ளைகளும் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். படத்தை நிறுத்தலாமா என்று கேட்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை. நானே எழுந்துபோய் நிறுத்தினேன்.

மிஞ்சிய கேசட்டுகளை இனி மேல்தட்டில்தான் வைப்பேன். இவ்வாண்டுக்குள் ஒவ்வொன்றுக்கும் கணினியில் பிரதி எடுத்துவிடுவேன். வரும் சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குப் படம் இல்லை. தோந்தோன் ஒரு பழைய பெட்டியைப் பின்பக்கம் திறந்து காட்டுவார். பல மாதமாக மின்சாரம் காணாத பெட்டிதான், பெற்றோர் அஞ்ச வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் பழைய ஆசிரியர்