முதுகுக் கவசம் குறித்து எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

கடந்த இரண்டு வாரங்களாகப் புதுச்சேரி, கடலூர், விழுப்புரம் பைக் குழுக்களில் ஒரு குரல்பதிவும் அதனுடன் ஒரு புகைப்படமும் சுற்றி வருவதை உங்களில் பலர் எங்களுக்கே அனுப்பி வைத்திருக்கிறீர்கள். நாங்கள் ஸ்பாஞ்சைக் கொடுத்துவிட்டுப் பேக் புரொடெக்டர் (பைக் ஓட்டுவோர் அணியும் முதுகுக் கவசம்) என்று பணம் வாங்குகிறோம் என்பது அதன் சாரம். பேசியவர் எங்களுக்குப் புதியவர் அல்லர். அவருடைய முதல் ஹெல்மெட்டும் இங்கே வாங்கியதுதான். விலை அதிகம் என்றோ, கடையில் காக்க வைத்தோம் என்றோ அவர் சொல்லியிருந்தால் இம்மடலை எழுதியிருக்க மாட்டோம். ஆனால் 'போலி' என்ற சொல்லுக்குப் பதில் சொல்லாமல் இருந்தால் அதை ஒப்புக்கொண்டதாகிவிடும்.

முதலில் அந்தப் புகைப்படம். அதில் உள்ள வெள்ளை நிறத் தகடு நாங்கள் முதுகுக் கவசமாக விற்ற பொருளே அன்று. பல ஜாக்கெட்டுகளில் தோளுக்கும் முழங்கைக்கும் சான்று பெற்ற கவசத்தை வைத்துவிட்டு, முதுகுப் பக்கத்து உள்பையில் மட்டும் இடத்தை நிரப்புவதற்காக ஒரு சாதாரண நுரைத் தகட்டைச் செருகி அனுப்புவது வழக்கம். அவருடைய ஜாக்கெட்டில் அந்தத் தகட்டை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் சான்று பெற்ற இன்சர்ட்டை, அதாவது உள்ளே செருகும் முதுகுக் கவசத்தை, பொருத்தித் தந்தோம். எடுத்த தகட்டைக் குப்பையில் போடாமல் பில்லுடன் பையிலேயே வைத்தோம். வாங்கிய பொருளில் ஒரு பகுதியைக் கடைக்காரர் எடுத்து வைத்துக்கொண்டார் என்ற பேச்சு வரக் கூடாதே என்று செய்த அந்தக் காரியமே இன்று எங்களுக்கு எதிரான சாட்சியாகச் சுற்றுகிறது.

அடுத்து, கட்டைவிரலால் அழுத்தினால் உள்ளே போகிறதே என்ற கேள்வி. ஜாக்கெட்டுக்குள் இருந்த எங்கள் இன்சர்ட்டும் மென்மையானதுதான். கவசம் செய்யப் பயன்படும் டி3ஓ போன்ற பொருள்கள் மெதுவான விசைக்கு வளைந்து கொடுத்து, திடீர் அடிக்கு இறுகும் தன்மை உடையவை. கிணற்றில் படியிறங்கிப் போகிறவருக்கு நீர் வழிவிடுகிறது. மேலிருந்து வயிறு படக் குதித்தவருக்குத்தான் அதே நீரின் அடி தெரியும். ஆகவே விரல் இதற்குச் சோதனைக் கருவி ஆகாது. ஐரோப்பியத் தரமான ஈஎன் 1621-2-இன்படி, 5 கிலோ எடையைச் சுமார் ஒரு மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது 50 ஜூல் ஆற்றலுடன், கவசத்தின் மீது விழவிட்டு, அடியில் எவ்வளவு விசை கடந்து வருகிறது என்று அளக்கிறார்கள். சராசரி 18 கிலோநியூட்டனுக்கு மேல் போகாவிட்டால் லெவல் 1. 9-க்கு மேல் போகாவிட்டால் லெவல் 2. அதாவது ஏறத்தாழ 1,800 கிலோவின் அழுத்தத்துக்கும் 900 கிலோவின் அழுத்தத்துக்கும் உள்ள வேறுபாடு. கெட்டியான பிளாஸ்டிக் தகடுகளை அடுக்கிச் செய்தவையும் இதே சோதனையைத்தான் கடக்க வேண்டும். தட்டிப் பார்த்தால் 'டக்' என்று சத்தம் வருவது தேர்ச்சிக்கு அடையாளம் அன்று.

இன்சர்ட்டின் பின்புறத்தில், பைக்கில் அமர்ந்தவரின் சிறு படத்துக்கு அருகில் இந்தத் தர எண்ணும் லெவலும் அச்சிடப்பட்டிருக்கும். 1621-1 என்று மட்டும் இருந்தால் அது தோள், முழங்கை, முழங்கால் முதலியவற்றுக்கான தரம்; அங்கே 35 கிலோநியூட்டன் வரை கடந்து வந்தாலும் லெவல் 1 கிடைத்துவிடும். அதை முதுகில் வைத்துக்கொள்ளக் கூடாது. லேபிளில் எஃப்பி என்றால் முழு முதுகு, சிபி என்றால் நடு முதுகு, எல்பி என்றால் இடுப்புப் பகுதி. டி என்ற ஆங்கில எழுத்துக்குப் பக்கத்தில் கூட்டல் குறி இருந்தால் 40 டிகிரி வெப்பத்திலும் சோதித்தது என்று பொருள். இது கட்டாயச் சோதனை அன்று. ஆனால் மென்மையான வகை வெப்பத்தில் மேலும் இளகக்கூடியது என்பதால், அக்கினி நட்சத்திரத்தில் இருங்காட்டுக்கோட்டை, கோவை காரி ஸ்பீட்வே போன்ற பந்தய டிராக்குகளுக்கு ஓட்டப் போகிறவர்கள் இந்தக் குறியைப் பார்த்தே வாங்க வேண்டும் என்பது எங்கள் கருத்து.

அந்த நண்பர் வாங்கியபோது கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓட்டுவதற்கு என்றுதான் கேட்டார். அதற்கு ஏற்ற லெவல் 1 இன்சர்ட்டைத் தந்தோம். டிராக்குக்கு என்று கேட்டிருந்தால், லெவல் 2, முழு முதுகு, தோள்பட்டியும் இடுப்புப் பட்டையும் உள்ள தனிக் கவசத்தைத்தான் காட்டியிருப்போம். ஜாக்கெட்டின் பையில் இருப்பது, ஜாக்கெட் விலகினால் தானும் விலகும். உடம்போடு கட்டியது அவ்வளவு எளிதில் நகராது. லெதர் சூட்டுக்குள் அணிவதாக இருந்தால், சூட்டைப் போட்டு, டேங்கின் மேல் படுத்த நிலையில் குனிந்து பார்க்க வேண்டும். கவசத்தின் மேல் விளிம்பு ஹெல்மெட்டின் பின்புறத்தைத் தள்ளினால் தலை நிமிராது, வளைவில் முன்னால் பார்க்க முடியாது.

விற்கிறவர்களாக இருந்தும் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். முதுகுக் கவசம் நேரடி அடியைத் தாங்குவதற்கானது. விழும்போது முதுகெலும்பு முறுக்கிக்கொள்வதையோ மடங்குவதையோ எந்த லெவலும் தடுத்துவிடாது. மோட்டோஜிபி உலக பைக் பந்தயத்தில் 2018 முதல் ஓட்டுநரின் உடையில் ஏர்பேக்கைக் கட்டாயமாக்கியபோதும், முதுகுக் கவசத்தைக் கழற்றச் சொல்லவில்லை.

அளவு குறித்தும் ஒரு சொல். உயரத்தையோ சட்டை அளவையோ கொண்டு இதை வாங்கக் கூடாது. இடுப்பிலிருந்து தோள் வரையுள்ள நீளத்தை அளந்து, லேபிளில் உள்ள சென்டிமீட்டருடன் ஒப்பிட வேண்டும். எட்டு ஆண்டுகளாக அதைப் பொறுமையாகச் செய்துவந்த எங்கள் தம்பி சித்திரையில் சென்னைக்கு வேலை மாறிப் போனார். அதற்குப் பிறகு ஆடி வரை வாங்கியவர்களில் சிலருக்குச் சட்டை அளவைக் கேட்டே கொடுத்திருக்கிறோம். அவர்கள் ஒருமுறை வந்து அளந்து பார்த்துக்கொள்வது நல்லது, பொருந்தாவிட்டால் மாற்றித் தருகிறோம். லெவல் 2-க்கு மாறுவோர் வித்தியாசத் தொகையை, யூரோ ஏறியதால் உயர்ந்துள்ள புதிய விலையில், செலுத்த வேண்டியிருக்கும்.

குரல்பதிவைக் கேட்டதும் கடைக்கே வந்து 'நாங்கள் நம்பவில்லை' என்று சொன்ன மஞ்சக்குப்பம் நண்பர்களுக்கும், தங்கள் பழைய இன்சர்ட்டுகளின் லேபிளைப் படம் எடுத்துக் குழுக்களில் பதிலாகப் போட்டவர்களுக்கும் என்ன சொல்லி நன்றி கூறுவது என்று தெரியவில்லை. உங்களில் சிலர் பள்ளிச் சீருடையில் வந்து கண்ணாடிக்கு வெளியே நின்று ஹெல்மெட்டுகளைப் பார்த்த நாள் முதல் எங்களுக்குத் தெரிந்தவர்கள்.

அளவு பார்க்க வருகிறவர்கள் ஞாயிறு தவிர்த்து, மாலை 5 மணிக்கு மேல் வாருங்கள். லெதர் சூட் இருந்தால் அதையும், மெல்லிய உள்சட்டை ஒன்றையும் மறவாமல் எடுத்து வாருங்கள். குரல்பதிவு அனுப்பிய நண்பரும் வரலாம். அவருடைய இன்சர்ட்டின் லேபிளை அவர் முன்னிலையிலேயே படித்துக் காட்டுகிறோம்.

இப்படிக்கு,
உரிமையாளர்,
காமராஜர் சாலை, புதுச்சேரி