வீடியோ கொட்டகைகளின் நினைவையும் காத்துவையுங்கள்

பெய்ஜிங்கில் உள்ள சீனத் திரைப்பட ஆவணக் காப்பகத்தின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். 1958இல் தொடங்கப்பட்ட தங்கள் நிறுவனம், ‘லூஷியாங்டிங்’ எனப்பட்ட, ஒளிநாடாவில் படம் காட்டிய வீடியோ கொட்டகைகளுக்கென்று ஒரு தனித் தொகுப்பை உருவாக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன்.

1978இல் தொடங்கிய பொருளாதாரச் சீர்திருத்தம் கிராமத்து இளைஞர்களைக் கோடிக்கணக்கில் நகரங்களுக்கு அழைத்துவந்தது. ஆனால் ஹுகோ என்னும் குடும்பப் பதிவு முறை அவர்களை அந்நகரங்களின் குடிமக்களாக ஏற்கவில்லை. குவாங்தோங் மாநிலத்தின் ஷென்ஜென், தோங்குவான் போன்ற ஊர்களில் பகலெல்லாம் ஆலையில் உழைத்து, இரவில் நெரிசலான விடுதி அறைக்குத் திரும்பியவர்களுக்கு, குறைந்த கட்டணத்தில் கதவு திறந்த இடங்களுள் ஒன்று இந்தக் கொட்டகை. ஒரு தொலைக்காட்சிப் பெட்டி, ஒரு வீடியோ கருவி, சில பெஞ்சுகள், வாசலில் அன்றைய படங்களின் பெயர் எழுதிய பலகை, தெருவரை கேட்கும்படி துப்பாக்கிச் சத்தத்தையும் வசனத்தையும் ஒலிக்கும் ஒலிபெருக்கி: இவ்வளவே போதுமானதாக இருந்தது. ஒரே சீட்டில் அடுத்தடுத்துப் பல படங்கள் பார்க்கலாம். விடிய விடிய ஓடிய காட்சிகளில், தங்க இடமில்லாதவர்கள் அங்கேயே உறங்கி எழுந்ததும் உண்டு. இதை நான் நகர வரலாற்றின் முக்கியமான செய்தியாகவே கருதுகிறேன்.

திரையரங்குகளுக்கு வராத ஹாங்காங் படங்கள் பல இங்குதான் சீன மக்களைச் சென்றடைந்தன. ஹாங்காங் நடிகர் சௌ யுன்-ஃபட் திரையில் அணிந்த நீண்ட மேலங்கியை ஒரு தலைமுறையே அறிந்தது இப்படித்தான். ஃபென்யாங் ஊர்க்காரரான இயக்குநர் ஜியா ஜாங்கே, இத்தகைய கொட்டகைகளில் படம் பார்த்து வளர்ந்தவர்.

அங்கு ஓடியவற்றில் பெரும்பகுதி உரிமம் பெறாத பிரதிகள் என்பதையும், ஆபாசப் படங்கள் காட்டப்பட்டதால் காவல்துறைச் சோதனைகள் நடந்ததையும் மறைக்கத் தேவையில்லை. அவற்றையும் சேர்த்தே பதிவுசெய்யுங்கள்.

1990களில் விசிடி கருவிகள் வீடுகளுக்குள் நுழைந்தன, பிறகு இணைய மையங்கள் பெருகின, கொட்டகைகள் மூடப்பட்டன. அன்று இருபது வயதில் இருந்தவர்கள் இன்று ஐம்பதைக் கடந்துவிட்டார்கள். பலமுறை நகலெடுக்கப்பட்ட ஒளிநாடாக்களோ நாளுக்கு நாள் சிதைகின்றன. எனவே நாடாக்களையும் நுழைவுச்சீட்டுகளையும் பெயர்ப்பலகைகளையும் திரட்டுவதோடு, கொட்டகை நடத்தியவர்கள், அங்கு படம் பார்த்த தொழிலாளர்கள் ஆகியோரின் வாய்மொழி நினைவுகளை அவரவர் வட்டார மொழியிலேயே பதிவுசெய்யும் பணியைத் தாமதமின்றித் தொடங்குமாறு வேண்டுகிறேன். முதலில் குவாங்தோங் மாநிலத்தின் ஆலை நகரங்களுக்குச் செல்லுங்கள்.

இப்படிக்கு,
தமிழ்த் திரைப்பட ஆர்வலர் ஒருவர்