ஒரு மேசையும் ஒரு பியூரெட்டும்: தேர்வு மையப் பள்ளிகளின் முதல்வர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய முதல்வர்களுக்கு,

வணக்கம். என் மகளுக்கு 17 வயது, மகனுக்கு 14. இருவரும் பள்ளிக்குப் போனதில்லை, வீட்டில்தான் படிக்கிறார்கள். மூத்தவள் அடுத்த பருவத்தில் ஏ லெவல் தேர்வு, அதாவது கேம்பிரிட்ஜ் வாரியத்தின் பன்னிரண்டாம் வகுப்பு நிலைத் தேர்வு, எழுத வேண்டும். சென்ற முறை அவளை ஏற்றுக்கொண்ட மையம் இந்த ஆண்டு முதல் வெளியாரைச் சேர்ப்பதில்லை என்று முடிவெடுத்துவிட்டது. அதனால் கடந்த ஆறு வாரங்களில் 11 தேர்வு மையங்களின் கதவைத் தட்டினேன். எட்டு இடங்களிலிருந்து பதிலே இல்லை. இரண்டு இடங்கள் மறுத்துவிட்டன. பதினோராவது இடத்தில் தொலைபேசியை எடுத்தவர் நல்ல மனுஷி. பேச்சு இப்படிப் போனது.

"பொண்ணு எந்த ஸ்கூல்?"

"ஸ்கூல் இல்லைங்க. வீட்டுல படிக்கிறா."

"சரி, அதுக்கு முன்னாடி எந்த ஸ்கூல்?"

"முன்னாடியும் வீட்டுலதான்."

சிறிது நேரம் விசைப்பலகைச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "கம்ப்யூட்டர் அந்தக் கட்டத்தைக் காலியா விடமாட்டேங்குதும்மா" என்றார். "ஏதாவது ஒரு பேரைப் போட்டு விடட்டுமா?" என்றும் அவராகவே கேட்டார். வேண்டாம் என்றேன். விண்ணப்பம் அந்தக் கட்டத்தோடு நிற்கிறது.

அவர் மேல் எனக்கு ஒரு மனத்தாங்கலும் இல்லை. அந்தக் கட்டத்தைக் கட்டாயமாக்கவும் தளர்த்தவும் அதிகாரம் உள்ள உங்களுக்குத்தான் இந்த மடல்.

வீட்டுக் கல்வி சரியா தவறா என்று உங்களிடம் தீர்ப்புக் கேட்க வரவில்லை. தவறு என்று நினைத்தால் தாராளமாக நினைத்துக்கொள்ளுங்கள். என் மாமியாரும் அப்படித்தான் நினைக்கிறார். முப்பது வருடம் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்தவர். "புள்ளைங்களக் கெடுக்கிறீங்க" என்று சொல்லிக்கொண்டே வாரம் தவறாமல் பேத்திக்குக் கணக்குச் சொல்லித் தருகிறார். உங்களிடமும் அந்த மாதிரி ஒரு பெருந்தன்மையைத்தான் எதிர்பார்க்கிறேன். தேர்வுக்கூடத்தில் ஒரு மேசை, ஆய்வகத்தில் ஒரு பியூரெட் (திரவத்தைச் சொட்டுச் சொட்டாக அளந்து விடும் கண்ணாடிக் குழாய்). அவ்வளவுதான்.

இதை உங்களிடம் கேட்கக் காரணம் இருக்கிறது. கேம்பிரிட்ஜ் தேர்வுகளுக்கு மாணவர் நேரே வாரியத்திடம் பதிவு செய்துகொள்ள முடியாது. பதிவு பெற்ற மையம் ஒன்றின் வழியாகத்தான் தனித்தேர்வராகச் சேர முடியும். மையங்கள் பெரும்பாலும் பள்ளிகள். ஏற்பதும் மறுப்பதும் அந்தந்தப் பள்ளியின் விருப்பம். பள்ளி வேண்டாம் என்று இத்தனை வருடம் ஒதுங்கி நடந்தவர்களும் கடைசியில் உங்கள் வாசலில்தான் வந்து நிற்கிறோம். இதிலுள்ள வேடிக்கை எனக்கும் தெரிகிறது.

உங்கள் வாசலில் நிற்பவள் எப்படிப்பட்ட வீட்டிலிருந்து வருகிறாள் என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். பதில் வராத எட்டு இடங்களும் எங்களை ஏதோ சாமியார் மடம் மாதிரி நினைத்திருக்கலாம்.

பத்துப் பன்னிரண்டு வயதுவரை வீட்டுக் கல்வி குடும்ப வாழ்க்கையோடு வாழ்க்கையாக ஓடிவிடும். பதின்மூன்றில் கதை மாறும். எங்கள் வீட்டில் முதலில் மாறியது காலை. ஆறு மணிக்குத் துள்ளி எழுந்தவள் ஒன்பதாகியும் எழ மறுத்தாள். சோம்பேறித்தனம் என்று மூன்று மாதம் சண்டை போட்டேன். பருவ வயதில் உடலின் உள்கடிகாரமே பின்னுக்குப் போகிறது, தூக்கத்துக்கு நேரமாயிற்று என்று சொல்லும் மெலடோனின் இரவில் தாமதமாகத்தான் சுரக்கிறது என்பதை அப்புறம்தான் படித்தேன். 13 முதல் 18 வயதுவரை நாளுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகத்தின் 2016-ஆம் ஆண்டுப் பரிந்துரை. பாடத்தைப் பத்து மணிக்குத் தள்ளி வைத்தோம். சண்டை பாதியாகக் குறைந்தது. மீதிப் பாதிக்குத் தூக்கம் காரணமில்லை, நான்தான்.

ஒரு நாள் வகைநுண்கணிதம். சங்கிலி விதியை மூன்று முறை விளக்கினேன். மூன்று முறையும் அதே விளக்கம்தான், குரல் மட்டும் ஏறிக்கொண்டே போனது. அவள் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "இப்போ நீ டீச்சரா பேசறியா, அம்மாவா பேசறியா? டீச்சர்னா எனக்கு ஒரு டவுட் இருக்கு. அம்மான்னா எனக்கு அழுகை வருது. எதை முதல்ல சொல்லட்டும்?"

பதில் சொல்லத் தெரியாமல் எழுந்துபோய்க் காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தேன். அன்றோடு கணிதம் என் கையைவிட்டுப் போனது. பாட்டி பாதி, கான் அகாடமி காணொளிகள் பாதி. எனக்கு இப்போது மாணவி வேலை. அவள் படித்ததை எனக்கு விளக்குவாள். எனக்குப் புரியவில்லை என்றால் அவளுக்கே இன்னும் சரியாகப் புரியவில்லை என்று எடுத்துக்கொண்டு திரும்பப் படிப்பாள். சில நாள் எனக்கு மட்டும்தான் புரிந்திருக்காது. அதை நான் வெளியே சொல்வதில்லை.

நான் வேலையைப் பாதி நேரமாக மாற்றிக்கொண்டேன். இதைத் தியாகம் என்று யாராவது சொன்னால் எனக்கு எரிச்சல் வரும். பாதிச் சம்பளம் என்று சொன்னால் போதும்.

எத்தனை மணி நேரம் படித்தாள் என்று கணக்குக் காட்டச் சொன்னது மறுத்த மையங்களில் ஒன்று. அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் ஒரு பாடத்துக்கு 120 மணி நேரம் என்று ஓர் அளவுகோல் உண்டு. கார்னகி அலகு என்று பெயர். 1906-ல் தொடங்கிய வழக்கம். அதைப் பார்த்து நாங்களும் முன்பு ஒரு நோட்டுப் போட்டு மணி எழுதி வந்தோம். பதினான்கு மாதம் தாங்கியது. இரவு பதினொரு மணிக்குப் பல் துலக்கிக்கொண்டே "காந்தப் புலம் வேலையே செய்யாதுன்னா மோட்டார் எப்படிச் சுத்துது?" என்று கேட்டால் அது எந்த மணிக்கணக்கில் சேரும்? நோட்டில் எழுதுவது மெல்ல மெல்லக் கற்பனை இலக்கியமாக மாறிக்கொண்டிருந்தது, நிறுத்திவிட்டோம். அவளுக்குப் பாடம் தெரியுமா என்பதை உங்கள் கூடத்தில் உட்கார்ந்து எழுதும் தாள் சொல்லட்டும். தேர்வு என்பதே அதற்குத்தானே.

இனி பியூரெட் விஷயம். இதைத்தான் நான் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

கேம்பிரிட்ஜின் ஐஜிசிஎஸ்இ (பத்தாம் வகுப்பு நிலைத் தேர்வு) அறிவியலில் செய்முறைத் தேர்வுக்கு மாற்றாக ஓர் எழுத்துத்தாள் இருக்கிறது, ஆறாம் தாள். ஆய்வகத்துக்குள் காலடி வைக்காமலே கருவியின் படத்தைப் பார்த்து அளவு படித்து மதிப்பெண் வாங்கிவிடலாம். எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு அது வரப்பிரசாதம். ஏ லெவல் வேதியியலில் அந்தச் சலுகை கிடையாது. மூன்றாம் தாளை ஆய்வகத்தில் நின்று, இரண்டு மணி நேரத்தில், தன் கையால் செய்துதான் முடிக்க வேண்டும். புத்தகம், காணொளி, பாட்டி எல்லாம் சேர்ந்தாலும் வீட்டில் உருவாக்க முடியாத ஒரே ஒரு பொருள் ஆய்வகம்.

என் தோழி ஒருத்தி வேலை பார்க்கும் ஆய்வகத்தில் கெஞ்சிக் கூத்தாடி இரண்டு சனிக்கிழமை அனுமதி வாங்கினோம். அமில, காரத் தரம்பார்த்தல், அதாவது அமிலத்தில் காரத்தைச் சேர்த்து நிறம் மாறும் இடத்தில் நிறுத்தி அளவு காண்பது, மகளுக்குத் தண்ணீர்பட்ட பாடு; ஏட்டில். வீட்டில் ஊசியில்லாத சிரிஞ்சை வைத்து எத்தனையோ முறை ஒத்திகையும் பார்த்திருக்கிறாள். நிஜ பியூரெட் முன்னால் நின்றதும் கை ஓடவில்லை. இடது கையால் அடைப்பானைத் திருகி வலது கையால் குடுவையைச் சுழற்று என்று செய்முறைக் கையேடு சொல்கிறது. இவள் இடதுகைக்காரி. கண்ணாடிக்குள் பார்த்துச் சட்டை பித்தான் போடுவது மாதிரி எல்லாம் புரண்டு கிடந்தது. முதல் முறை குடுவை முழுக்க அடர் இளஞ்சிவப்பு. முடிவுநிலையைத் தாண்டி இரண்டு மில்லி ஓடிவிட்டது. இரண்டாம் முறையும் அதே. மூன்றாம் முறை கைகளை மாற்றிக்கொண்டாள். ஐந்தாம் முறை சொட்டுச் சொட்டாக இறக்கினாள். ஒரு சொட்டு விழுந்து இளஞ்சிவப்பு படர்ந்தது, சுழற்றியதும் மறைந்தது. அடுத்தது மறையத் தயங்கியது. "அம்மா, மூச்சு விடாத" என்றாள். அடுத்த சொட்டில் நிறம் நின்றது, இருக்கிறதா இல்லையா என்கிற அளவுக்கு வெளுப்பாக. அளவைப் படிக்கக் குனிந்தவள் பிறைத்தளம் (குழாயில் திரவத்தின் வளைந்த மேல்பரப்பு) கண்மட்டத்துக்கு வரவில்லை என்று முட்டி மடக்கி நின்று படித்தாள். அதை யாரும் சொல்லித்தரவில்லை, ஆறாம் தாளுக்குப் படித்தபோது மனப்பாடம் செய்த வரி.

அதற்குள் சனிக்கிழமை முடிந்துவிட்டது.

உங்கள் தரப்பிலிருந்தும் யோசித்துப் பார்த்தேன். முன்பின் தெரியாத பிள்ளை, கையில் அமிலம், விபத்து நடந்தால் யார் பொறுப்பு? தேர்வு நெருங்கும் வாரங்களில் உங்கள் அலுவலகம் எப்படிப் பரபரக்கும் என்பதும் தெரியும். அந்த நேரத்தில் இன்னொரு பெயர், இன்னொரு அடையாளச் சரிபார்ப்பு. நியாயமான கவலைகள்தான். கட்டணத்தையும் ஆய்வக உதவியாளரின் கூடுதல் நேரத்துக்கான ஊதியத்தையும் நாங்கள் கட்டுகிறோம். பொறுப்பேற்புப் படிவத்தில் கையெழுத்திடுகிறோம். பயிற்சிக்கு நீங்கள் சொல்லும் நாளில், பள்ளி முடிந்த பிறகு, உங்கள் ஆள் பார்த்துக்கொண்டிருக்கும்போது மட்டும் வருகிறோம். முடியாது என்றாலும் பரவாயில்லை, பதிவுக் கெடுவுக்கு முன்பே ஒரு வரி எழுதிச் சொல்லிவிடுங்கள். மௌனத்தால் எங்களுக்கு ஒரு தேர்வுப் பருவமே கைநழுவிப் போகிறது.

2020-ல் அதைவிட மோசமாக நடந்தது. தொற்றுக் காலத்தில் பல வாரியங்கள் கோடைத் தேர்வுகளை ரத்து செய்து, பள்ளிகளின் மதிப்பீட்டைக் கேட்டு மதிப்பெண் கொடுத்தன. தனித்தேர்வர் பலருக்கு மதிப்பீடு எழுதித்தர ஒரு பள்ளியும் இல்லை. வருடக்கணக்கில் படித்தவர்கள் மதிப்பெண் இல்லாமல் காத்திருந்தார்கள். அந்த ஆண்டு உலகமே வீட்டுக் கல்விக்கு மாறியது என்று எழுதினார்கள். திரைக்கு முன்னால் வருகைப்பதிவு எடுத்தால் அது பள்ளிதான், கட்டடம் மட்டும் இல்லை. உண்மையிலேயே வீட்டில் படித்தவர்கள் அந்த ஆண்டு எந்தப் பட்டியலிலும் இல்லை.

சட்டம் பேசி உங்களை மிரட்ட வரவில்லை. அது நாட்டுக்கு நாடு வேறு. அமெரிக்காவில் 1993-க்குள் 50 மாநிலங்களிலும் வீட்டுக் கல்வி சட்டப்படி செல்லுபடியானது. இங்கிலாந்தின் 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் பள்ளிக்கு அனுப்பலாம், "அல்லது வேறு வகையில்" கற்பிக்கலாம் என்று பெற்றோருக்கு இடம் விட்டிருக்கிறது. ஜெர்மனியில் பள்ளிக்குப் போவது கட்டாயம். அதை எதிர்த்துப் போன ஒரு குடும்பத்தின் முறையீட்டை ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2006-ல் ஏற்கவில்லை. ஆனால் வீட்டில் படிக்கலாம் என்று அனுமதித்துவிட்டு, தேர்வு எழுத மட்டும் இடம் தராமல் விடுவது எந்த வகை அனுமதி என்று எனக்கு விளங்கவில்லை.

மறுத்த இன்னொரு மையம் சொன்ன காரணத்தை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. "உங்க பொண்ணைப் பார்த்துட்டு எங்க பசங்களும் வீட்டுலயே இருக்கோம்னு கிளம்பிடுவாங்க" என்றார்கள். எங்கள் வீட்டில் நடந்தது நேரெதிர். இளையவன் பள்ளிக்குப் போகிறேன் என்கிறான்.

இரண்டு மாதத்துக்கு முன் ஒரு ஞாயிறு, காகிதத்தில் காரணங்களை எழுதிக்கொண்டு வந்து எங்கள் முன்னால் உட்கார்ந்தான். முதல் காரணம் கால்பந்து: "டீமுக்கு பதினொரு பேர் வேணும். நம்ம வீட்டுல நாலு பேர்தான்." இரண்டாவது: "அம்மாவா இல்லாத ஒரு டீச்சர் வேணும்." மூன்றாவதை அடித்துவிட்டிருந்தான், என்ன என்று கேட்டால் சொல்லவில்லை. எனக்குக் கொஞ்சம் வலித்தது, மறைக்க மாட்டேன். அவன் அப்பா உடனே சரி என்றார். நான் மறுநாள்தான் சொன்னேன். ஒரே வீடு, ஒரே முறை. அக்காவுக்குப் பொருந்தியது தம்பிக்குப் பொருந்தவில்லை. வீட்டுக் கல்விக்காக 1977-ல் தனியாக ஓர் இதழே தொடங்கிய ஜான் ஹோல்ட்டும் பள்ளி ஆசிரியராக இருந்தவர்தான். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்கள் நடந்துகொண்டேதான் இருக்கிறார்கள்.

ஆக, அடுத்த கல்வியாண்டில் எங்கள் வீட்டிலிருந்து உங்களுக்கு இரண்டு விண்ணப்பங்கள் வரலாம். ஒன்று மாணவனாகச் சேர, ஒன்று தனித்தேர்வராக. இரண்டிலும் "முன்பு படித்த பள்ளி" என்ற கட்டத்தில் "வீடு" என்றே எழுதுவோம். உங்கள் கணினி அதை ஏற்றுக்கொள்ளும்படி செய்து வையுங்கள்.

நன்றியுடன்,
வீட்டில் படிக்கும் இருவரின் அம்மா

பி.கு.: இடம் தருவதாக இருந்தால் ஒரு சின்ன வேண்டுகோள். எழுதுபலகை வலப்பக்கம் பொருத்திய நாற்காலி அவளுக்கு ஒத்துவராது. சாதாரண மேசை போதும். ஆய்வகத்தில் முடிந்தால் மேடையின் இடது ஓரம். பக்கத்தில் நிற்கும் பிள்ளையின் முழங்கையோடு மோதாமல் இருக்கும்.