பன்னிரண்டாம் வகுப்புப் பெற்றோர் கவனத்திற்கு

அனைவருக்கும் வணக்கம். சனிக்கிழமை முழுவதும் விடைத்தாள் திருத்துவதிலும், ஞாயிறன்று மாணவர் வீடுகளுக்குச் சென்று வருவதிலும் கழிந்ததால், உங்கள் கேள்விகளுக்கு இப்போதுதான் பதில் எழுத முடிகிறது. (ஊறவைத்த துணிகள் இன்னும் வாளியில்தான் இருக்கின்றன.)

பல வீடுகளில் கேட்கப்பட்டது ஒன்றே: 7.5 சதவீத உள் ஒதுக்கீடு சலுகைதானே? ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் பயின்றோருக்காக 2020இல் மருத்துவப் படிப்புக்கும், 2021இல் பொறியியல், வேளாண்மை, சட்டம் உள்ளிட்ட படிப்புகளுக்கும் தமிழ்நாட்டில் சட்டமாக்கப்பட்ட இதனை, பணம் கட்டித் தனிப் பயிற்சி பெறும் பிள்ளையையும் விடியற்காலையில் பூக்கட்டிக் கொடுத்துவிட்டு வகுப்புக்கு வரும் பிள்ளையையும் ஒரே அளவுகோலால் அளக்காத ஏற்பாடாகவே நான் பார்க்கிறேன். எனவே கேட்டுப் பெறக் கூச்சப்பட வேண்டியதில்லை.

என்னை வருத்தியது வேறொன்று. 69 சதவீத இட ஒதுக்கீடு நடைமுறையில் உள்ள மாநிலத்தில், சாதிச் சான்றிதழுக்கு இன்னும் விண்ணப்பிக்காத குடும்பங்களை நேற்று நேரில் கண்டேன். காகிதம் இல்லாவிட்டால் உரிமை வாசலிலேயே நின்றுவிடுகிறது. அவர்கள் இந்த வாரமே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிட்டு, ஒப்புகைச் சீட்டின் நகலை வெள்ளிக்கிழமைக்குள் என்னிடம் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். ஆறாம் வகுப்பிலிருந்து வேறு அரசுப் பள்ளிகளில் படித்திருந்தால், அங்கிருந்து பெற வேண்டிய படிப்புச் சான்றுக்கான கடிதத்தை நானே எழுதித் தருகிறேன்.

— வகுப்பாசிரியர்